ஆனக்கல்மேட்டின் பச்சை விளக்கு

— கைய எடுங்க மாஷே. மேஜை ஆடுது.

— நான் எங்க ஆட்டுறேன்? கால் தானா ஆடுது. அதாவது மோளே, இன்னொரு தடவ சொல்லிடு. இப்ப நீ அந்தக் கட்டையத் தட்டினா, ஆனக்கல்மேட்டு மேல இருக்கிற மிஷின்ல ஒண்ணுமே இருக்காது. சரியா?

— டிஸ்க்குல ஒண்ணும் இருக்காது. மெமரியில ஒரு குட்டி லினக்ஸ் உட்கார்ந்திருக்கு, காலையில நான்தான் இங்கிருந்து அனுப்பி உட்கார வச்சேன். அது டிஸ்க்கத் தொடைக்கும். அப்புறம் புது லினக்ஸ லைன் வழியா இழுத்து எழுதும்.

— அந்தக் குட்டி நடுவுல மண்டையப் போட்டா?

— பவர் போகாத வரைக்கும் போடாது.

— கேட்டுக்கோ! கர்க்கடக மாசம், வானம் பொத்துக்கிட்டு ஊத்துது, இவ சொல்றா பவர் போகாத வரைக்கும்னு. முப்பது வருஷம் இந்தத் தொடுபுழையில கணக்கு சொல்லிக் குடுத்தவன் நான். இந்தக் கணக்குல வரவு இல்ல, கழிக்கிறது மட்டும்தான் இருக்கு.

— அங்க சோலார் பேட்டரி இருக்கு மாஷே. மூணு நாள் தாங்கும்.

— எல்லாரும் பென் டிரைவச் சொருகித்தானே போடுறாங்க? நம்ம வாசகசாலை கம்ப்யூட்டருக்கே நீ அப்படித்தானே போட்ட?

— சொருகலாமே. ரோடு எங்க? ரெண்டாம் வளைவுல ரோடு இருந்த இடத்துல இப்ப ஆறு ஓடுது. பென் டிரைவக் காக்கா கால்ல கட்டி அனுப்பவா?

— கோவிச்சுக்காத மோளே. பயந்து கேக்குறேன்.

— எனக்கு மட்டும் பயமில்லையா? பழசு நேத்து ஒரே நாள்ல நாலு தடவ உறைஞ்சு நின்னுச்சு. பதினொரு வருஷமா ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு ஓட்டின சிஸ்டம். இன்னைக்கு ராத்திரிக்கு சிவப்பு அலர்ட். மழை எண்ணிக்கிட்டிருக்கிறப்ப அது உறைஞ்சு நின்னா சைரன எப்படி அடிக்கிறது? மலை சரிஞ்சா கீழ நாப்பத்திமூணு வீடு.

— அது சரிதான். ஆனா படுத்திருக்கிற ஆளு எழுந்திருக்காமலே அடியில இருக்கிற கட்டில உருவிட்டு வேற கட்டில் போடுற வேல இது. அதுவும் நாப்பது கிலோமீட்டர் தள்ளி நின்னு.

— அதேதான்.

— அப்ப ஏன் தட்டாம இருக்க? அஞ்சு நிமிஷமா உன் விரல் அந்தரத்துல நிக்குது.

— பழைய டிஸ்க்குல பதினொரு வருஷக் குறிப்பு இருக்கு.

— மழைக்கணக்கெல்லாம் எடுத்து வச்சாச்சுன்னு சொன்னியே?

— மழைக்கணக்கு எடுத்தாச்சு. இது வேற. யாரு எப்ப உள்ள வந்தா, என்ன செஞ்சான்னு மிஷின் தானா எழுதி வச்சுக்கும். ஒரு நாள் விடாம.

— அது எதுக்கு நமக்கு? யாரு எப்பக் கட்டன் சாயா குடிச்சான்னு கடைக்காரன் எழுதி வச்ச மாதிரி. போகட்டும் விடு.

— விட்டுடவா?

— விடு மோளே.

— நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. போனா வராது.

— இந்த மிஷின நடத்துற சங்கத்துக்கு செகரட்டரி நான், நான் சொல்றேன், விடு. மணி மூணாகப் போகுது. இருட்டுறதுக்குள்ள முடிக்கணும்.

— சரி. தட்டிட்டேன்.

— அவ்வளவுதானா? ஒரு சத்தமும் இல்ல?

— என்ன சத்தம் வரணும், வெடி போடவா? அந்தா, பச்சையா ஓடுது பாருங்க எழுத்து. பழசு போயாச்சு. புதுசு வந்துக்கிட்டிருக்கு.

— ஏழு சதவீதம்னு காட்டுது.

— நூறு வர்ற வரைக்கும் ஒவ்வொண்ணாப் படிச்சீங்கன்னா நான் எழுந்து போயிடுவேன்.

— எட்டு.

— மாஷே!

— சரி, வாய மூடிட்டேன். ஜோமோளே, உன்கிட்ட ஒண்ணு சொல்லவா, திட்ட மாட்டியே? இந்த மாதிரி வேலைக்கெல்லாம் தொம்மிச்சன் இருந்திருந்தா…

— அவன் பேச்சு இப்ப வேணாம்.

— உன் கூடப் பொறந்த சேட்டாயிங்கிறதுக்காகச் சொல்லல. அந்த மிஷினத் தலையில சுமந்து மேல கொண்டு போனவன் அவன்தானே. மழைமானியப் பாறையில ஆணி அடிச்சு நிறுத்தினவன். அப்படிப்பட்டவன் ரெண்டு வருஷம் முன்னாடி குடிச்சுட்டு சைரன அமுக்குவான்னு யாரு நெனச்சா? மலை இடியல, ஒரு கல்லு உருளல. நாப்பத்திமூணு வீடும் கொட்டுற மழையில விழுந்தடிச்சு ஓடுச்சு. உங்கம்மா அந்தப் படிக்கட்டுல…

— மாஷே, போதும்.

— இல்ல, நானும் அவன மன்னிக்கல, அதச் சொல்ல வந்தேன். இடுப்பு முறிஞ்சு நாப்பது நாள் படுத்துக் கிடந்து போனாங்களே, அந்தப் புண்ணியவதி. அடக்கத்தன்னைக்கு சர்ச் முற்றத்துல எல்லாரும் பாக்க நின்னு, 'என் கைதான் அமுக்குச்சு'ன்னு ஒரே வார்த்த சொன்னான். அப்புறம் வாயே தொறக்கல. உண்மையச் சொன்னா எனக்கு அவன்கிட்ட சாராய வாடையும் அடிக்கல. ஆனா ஊரு சொல்லுச்சு.

— ஊரு சொல்லும்.

— கமிட்டி கூட்டி அவன நீக்கினோம். மினிட்ஸ் புக்குல நான்தான் என் கையால எழுதினேன். மேல இருந்த சைரன் பட்டனக் கழட்டினோம். அவன் பேர மிஷின்லேர்ந்து எடுக்கிற வேலைய உன்கிட்ட விட்டோம். எடுத்துட்டேல்ல?

— எடுத்துட்டேன்னு அன்னைக்கே சொன்னேன்ல.

— சொன்ன, சொன்ன. ஒரு உறுதிக்குக் கேட்டேன். பட்டனக் கழட்டினதுக்கு அப்புறம்தானே இங்கிருந்தே சைரன் அடிக்கிற வசதி வந்துச்சு? அது ஒரு நல்ல காரியம்.

— வசதி முதல்லயே இருந்துச்சு மாஷே.

— அப்படியா? யாரும் சொல்லலையே.

— யாரும் கேக்கல.

— நூறு வந்துடுச்சு! நூறு! பாரு, பாரு!

— பாக்குறேன். குதிக்காதீங்க. இனிமேதான் வேலையே. மழை எண்ணுற புரோகிராம் போடணும், லைன் முகவரி எழுதணும், யாரெல்லாம் உள்ள வரலாம்னு பேர் எழுதணும்.

— பேரெல்லாம் பழசுலேர்ந்து தானா வராதா?

— வராது. புது வீடு இது. நாம கூப்பிடாம ஒருத்தரும் உள்ள இருக்க மாட்டாங்க.

— அப்ப என் பேரையும் போடு.

— உங்களுக்கு எதுக்கு? பாஸ்வேர்ட ஒரு சீட்டுல எழுதி, கம்ப்யூட்டர் நெத்தியிலயே ஒட்டி வைப்பீங்க.

— ஒரு தடவதான் ஒட்டினேன், அத இன்னும் சொல்லிக் காட்டு. சரி, நீ எழுது, நான் போய் ரெண்டு கட்டனும் பரிப்புவடையும் வாங்கிட்டு வந்துடறேன். இங்க உட்கார்ந்தா எனக்கு பிரஷர் ஏறும்.

— போயிட்டு வாங்க. மெதுவாவே வாங்க.

— வந்துட்டேன். வடை ஆறிப் போச்சு, மழை அப்படி. எழுதி முடிச்சாச்சா?

— முடிச்சாச்சு. ரெண்டு தடவ படிச்சும் பாத்தாச்சு. இப்ப மிஷின அணைச்சு எழுப்பணும். அது கண்ண முழிச்சு, 'நான் வந்துட்டேன்'னு பதில் சொல்லணும்.

— சொல்லலேன்னா?

— சொல்லலேன்னா இங்கிருந்து ஒண்ணும் பண்ண முடியாது. கிட்டப் போய் அதோட கீபோர்டத் தொட்டாத்தான் உண்டு.

— என் குருவாயூரப்பா. எனக்கு சாயா வேணாம், நீயே ரெண்டையும் குடி.

— எழுப்பிட்டேன். மணி பாத்துக்குங்க.

— நாலு இருபது. எவ்வளவு நேரம் ஆகும்?

— ரெண்டு நிமிஷம். அது மெதுவான மிஷின், மூணுன்னு வச்சுக்குங்க.

— ரெண்டாச்சு.

— தெரியுது.

— மூணு. மோளே, ஏன் ஒரே வரி திரும்பத் திரும்ப வருது? பதில் இல்ல, பதில் இல்லன்னு.

— பதில் இல்லாததாலதான்.

— அஞ்சு நிமிஷம். நகத்தக் கடிக்காத, ரத்தம் வருது பாரு.

— டிஸ்க்க சோதிச்சுக்கிட்டிருக்கும். சில சமயம் அப்படி ஆகும்.

— தொடைச்சு வச்ச டிஸ்க்குல என்ன சோதனை?

— எனக்கு எப்படித் தெரியும் மாஷே! நான் என்ன அதுக்குள்ளயா உட்கார்ந்திருக்கேன்?

— அரை மணி நேரமாச்சு.

— இருங்க. பேசாதீங்க. ஐயோ. ஐயையோ மாஷே!

— என்ன, என்ன?

— நான் ஒரு கழுதை. பழைய சிஸ்டம் லைன் கார்ட ஒரு பேர் சொல்லிக் கூப்பிடும். புதுசு அதே கார்டுக்கு வேற பேர் வச்சுக்கும். நான் கைப்பழக்கத்துல முகவரிய பழைய பேர்லயே எழுதிட்டேன். அது செத்துப் போகல மாஷே. முழிச்சு உட்கார்ந்திருக்கு, நல்லா ஓடுது. வெளிய வர்ற வாசல்தான் அதுக்குத் தெரியல.

— படிச்சுப் பாத்தேன்னியே, ரெண்டு தடவ?

— பாத்தேன். கண்ணுக்குப் பழகின பேரு, தப்பாவே தெரியல. வருஷா வருஷம் பிள்ளைங்களுக்கு வகுப்பெடுக்கறேன், முதல் நாளே இதத்தான் சொல்லுவேன், 'இந்த ஒரு தப்ப மட்டும் செய்யாதீங்க'ன்னு. நாப்பத்திமூணு வீட்ட நான் குருடாக்கிட்டேன்.

— அழாத. அழுதா ஆகுமா? யாராவது மேல போய் அந்தப் பேர மாத்தினா சரியாயிடுமா?

— ஒரே ஒரு வார்த்த. மாத்திட்டு திரும்ப எழுப்பினா போதும். ஆனா உள்ள போக பேரும் பாஸ்வேர்டும் வேணும். போற ஆளுக்கு விஷயமும் தெரியணும்.

— போன் அடிக்குது. எடு, எடு. ஸ்பீக்கர்ல போடு.

— ஹலோ?

— ஜோமோள் கொச்சே, நான் ஏலியாம்மாடி, மேட்டுக்குக் கீழ பாலத்துக் கடையிலேர்ந்து. கேக்குதா? என் கர்த்தாவே, மேல மேட்டுல பச்ச லைட்டு அணைஞ்சு போச்சு, கண்டியா நீ? மிஷினு போயிட்டுதா?

— போகல ஏலிச்சேச்சி. லைன் இருந்தாத்தான் அந்த லைட்டு எரியும், அதுல கொஞ்சம் கோளாறு. மழை எப்படி அங்க?

— அத ஏன் கேக்குற? காலையிலேர்ந்து வாளியால எடுத்து ஊத்துற மாதிரி. நான் அதுக்கு போன் பண்ணலடி. ஓடைத் தண்ணி நிறம் மாறிடுச்சு. மத்தியானம் வரைக்கும் தெளிஞ்சு வந்துது, இப்பப் பால் ஊத்தின சாயா மாதிரி வருது.

— மண்ணு கலந்தா?

— மண்ணும், வேரும், எல்லாம். கேட்டியா, நான் லயத்து வீட்டுப் பக்கம் போய் எல்லாத்தையும் பள்ளிக்கூடத்துக்கு ஏறுங்கன்னு கத்திட்டு வந்தேன். ஒருத்தன் அசையல. 'சைரன் அடிக்கட்டும் பாக்கலாம்'கிறான்.

— ஏலியாம்மே, நான் பவித்ரன் மாஷ். சைரன் அடிச்சா ஓடுவாங்களா? போன தடவ அப்படி ஆனதுக்கப்புறம்?

— திட்டிக்கிட்டே ஓடுவாங்க மாஷே. அந்தச் சத்தம் கேட்டா அவனவன் கால் தானா ஓடும். நான் சொன்னா எவன் ஓடுறான்?

— சேச்சி, மேட்டுக்கு ஏறிப் போக யாராவது…

— யாராவது எதுக்கு? உன் சேட்டாயி போயாச்சே.

— யாரு?

— தொம்மிச்சன்தான். லைட்டு அணைஞ்சதப் பாத்ததும் தலையில உரச்சாக்கக் கவுத்துக்கிட்டு ஏறிட்டான். 'எங்கடா போறே'ன்னு கத்தினேன். 'லைட்டு இல்ல'ன்னான், அவ்வளவுதான் பேச்சு. இந்த ரெண்டு வருஷமா தெனமும் அந்த லைட்டப் பாத்துட்டுத்தான்டி அவன் கட்டனே குடிக்கிறான். அது உனக்குத் தெரியுமா?

— தெரியாது.

— எப்படித் தெரியும், நீதான் அவன்கிட்ட பேசறதில்லையே. சரி, கடைக்குள்ள தண்ணி வருது, நான் சாமான மேல ஏத்தறேன். போன வைக்க மாட்டேன், இப்படியே பலகையில வச்சிருக்கேன்.

— சேச்சி! அவனத் திரும்பி வரச் சொல்லுங்க! சேச்சி!

— போயிட்டாங்க மோளே, சாமான உருட்டுற சத்தம் கேக்குது. மேல போன் எடுக்காதா?

— மேல எந்த போனும் எடுக்காது. அவன் அந்தச் சரிவுல ஏறிக்கிட்டிருக்கான் மாஷே. மண்ணு இளகின சரிவுல.

— மிஷின் அறை பாறை மேலதானே இருக்கு? ஆனக்கல்லு அசையாது. அங்க ஏறிட்டான்னா பயமில்ல. ஆனா அதாவது, நான் கணக்குப்படி கேக்குறேன், அவன் போய் என்ன செய்யப் போறான்? பட்டனக் கழட்டியாச்சு. மிஷினுக்குள்ள போக அவனுக்குப் பேர் இல்ல. சும்மா அது முன்னால நின்னு நனையத்தானே போறான்? நாம செஞ்ச காரியம் நமக்கே வந்து நிக்குது பாரு. நீ ஏன் அந்தத் திரையையே பாக்குற?

— மணி என்ன?

— அஞ்சு அஞ்சு. ஏன்?

— ஏறுறதுக்கு அரை மணி. மழையில முக்கா மணி. லைட்டு அணைஞ்சதும் நாலு இருபத்தஞ்சுக்குக் கிளம்பியிருந்தா…

— கிளம்பியிருந்தா என்ன? மோளே, புரியும்படி பேசு. எனக்கு இருப்புக் கொள்ளல.

— எனக்கு மட்டும் கொள்ளுதா? உட்காருங்க மாஷே. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்து நடந்து தரையத் தேய்க்காதீங்க.

— அஞ்சு பத்து.

— உட்காருங்கன்னேன்.

— அஞ்சு பதினேழு. இப்படியே இருட்டிடும். நான் கலெக்டர் ஆபீசுக்கு போன் போடறேன். ஹெலிகாப்டர் கேக்கலாம், என்ன நெனச்சாலும் நெனச்சுக்கட்டும்…

— வந்துடுச்சு.

— என்ன?

— பதில். மாஷே, பதில் வருது! மிஷின் பேசுது!

— எங்க? தள்ளு, நான் பாக்கறேன். என் குருவாயூரப்பா! தானா சரியாயிடுச்சா?

— தானா எதுவும் சரியாகாது. யாரோ கீபோர்ட்ல உட்கார்ந்து மாத்தியிருக்காங்க. இருங்க, உள்ள போறேன். இப்ப யாரெல்லாம் இருக்காங்கன்னு கேக்கறேன். ரெண்டு பேரு.

— ஒண்ணு நீ, ஜோமோள். இன்னொண்ணு… தொம்மி? தொம்மியா? இது அவன் பழைய பேராச்சே!

— ஆமா.

— நீ எடுத்துட்டேன்னு கமிட்டியில சொன்ன.

— சொன்னேன். எடுக்கல.

— சரி, எடுக்கல, பொய் சொன்ன. ஆனா அந்தப் பழைய சிஸ்டமே போயிடுச்சே! நீதானே சொன்ன, புது வீடு, நாம எழுதாம ஒருத்தர் பேரும் வராதுன்னு?

— நான்தான் எழுதினேன், நீங்க வடை வாங்கப் போனப்ப. முதல்ல அவன் பேரு, அப்புறம்தான் என் பேரு. அழிக்கிறதுக்கு முன்னாடியே அவன் பாஸ்வேர்ட் பூட்ட எடுத்து வச்சு இதுல மாட்டினேன், சாவி அவன்கிட்டயே இருக்கட்டும்னு.

— உன் அம்மாவக் கொன்னவனுக்கு? ரெண்டு வருஷமா முகத்துல முழிக்க மாட்டேன்னு இருந்தியே, அவனுக்கா?

— அவன் கொன்னான்னு நான் ஒரு தடவ கூட சொல்லல மாஷே. நீங்க எல்லாரும் சொன்னீங்க. நான் பேசாம இருந்தேன். மழைமானி தனியா எண்ணிக்கிட்டேதான் இருந்திருக்கு, இப்பத்தான் மொத்தமாக் காட்டுது. பாருங்க எண்ண.

— இருநூத்தி முப்பத்தொண்ணு மில்லிமீட்டர். சிவப்புக் கோடு இருநூறுதானே? தாண்டிடுச்சா?

— தாண்டி ரொம்ப நேரமாச்சு.

— அப்ப அடி மோளே, சைரன அடி! ஏன் இன்னும் தட்டல? இரு, இரு, நடுவுல ஏதோ எழுத்து வருது. இது யாரு எழுதுறா?

— அவன்தான். மேல உட்கார்ந்து எழுதறான், அது என் திரையில வருது. நீங்க படிங்க. எனக்குக் கண்ணு மறைக்குது.

— கண்ணாடி… இந்தா. 'கார்டு பேர் தப்பு. மாத்திட்டேன். நான் பாறை மேலதான் இருக்கேன், பயப்படாத. ஓடை கலங்கிடுச்சு. சைரன் அடிக்கணும். மோளே, உனக்குக் கை வரலேன்னா விடு, நான் அடிக்கறேன். போன தடவ மாதிரி இதுவும் என் பேர்லயே இருக்கட்டும்.'

— படிச்சாச்சா?

— படிச்சுட்டேன். போன தடவ மாதிரின்னா? ஜோமோளே, என்னப் பாரு. போன தடவ மாதிரின்னா என்ன அர்த்தம்?

— தள்ளுங்க மாஷே, கீபோர்ட விடுங்க. அந்த மினிட்ஸ் புக்க எடுத்து எழுதிக்குங்க, நான் அழிச்ச குறிப்புல அது இருந்துச்சு: ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இதே நாற்காலியில உட்கார்ந்து சைரன் அடிச்சது நான்தான், இப்ப அடிக்கிறதும் நான்தான்.